யவனத் தேறலின் ஓராண்டு

கி.பி. முதல் நூற்றாண்டில் இத்தாலியின் கம்பானியா மலைச்சரிவுகளில் பறித்த திராட்சை, ஒயினாகித் தமிழகக் கரையில் இறங்கக் குறைந்தது ஓராண்டு பிடித்தது. அறுவடை செப்டம்பர், அக்டோபரில் நடக்கும். பிழிந்த சாறு புளித்து அடங்குவதற்குள் மத்தியதரைக் கடலில் குளிர்காலப் புயல்கள் தொடங்கிவிடும். நவம்பரிலிருந்து மார்ச் வரை பெரும்பாலான கப்பல்கள் துறையை விட்டு நகர்வதில்லை. கடல் திறந்த பிறகே சாடிகள் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் புறப்படும். அங்கிருந்து நைல் ஆற்றில் எதிரோட்டமாகக் கோப்தோஸ் வரை படகு. பிறகு பாலைவனம் கடந்து செங்கடல் துறையான பெரனிகேவுக்கு ஒட்டகம். இந்தப் பாலைவழிக்கு 12 நாள் ஆகும் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. பகல் வெயில் தாங்க முடியாததால் பெரும்பாலும் இரவில்தான் நடந்தார்கள். பகலில் நீர்நிலை உள்ள இடங்களில் தங்கினார்கள்.

சாடியின் வடிவமே இந்தப் பயணத்தை முன்வைத்து அமைந்ததுதான். ஆம்போரா என்று பெயர் பெற்ற அந்த மண்கலத்துக்குக் குறுகிய கழுத்து, இரண்டு கைப்பிடிகள், கூரான அடி. தரையில் தனியாக நிற்காது. கப்பலின் வயிற்றில் ஒன்றோடொன்று சாய்த்து நெருக்கி அடுக்க அந்தக் கூர்முனை வசதியாக இருந்தது. ஒயின் கசியாமலிருக்க உட்புறம் பிசின் பூசினார்கள். ரோமானியர் 'ஆம்போரா' என்று சொன்ன முகத்தலளவு ஏறத்தாழ 26 லிட்டர்.

பெரனிகேயின் பழைய குப்பைமேட்டில் தொல்லியலாளர்கள் எழுத்துப் பொறித்த ஓட்டுச் சில்லுகளை ஏராளமாக எடுத்திருக்கிறார்கள். அவை சுங்க வாயிலைக் கடக்கக் கொடுத்த அனுமதிச் சீட்டுகள். இன்ன ஆளின் இவ்வளவு சரக்கை உள்ளே விடு என்பதுதான் வாசகம். அச்சீட்டுகளில் மிக அதிகமாக இடம்பெறும் சரக்கு ஒயின். இத்தாலிய ஒயின், லவோதிக்கேயா ஒயின் என்று ஊர்ப்பெயரோடு. அரசர்களின் கல்வெட்டு சொல்லாத வணிகத்தை ஒரு சுங்கக்காரனின் உடைந்த ஓடு இவ்வளவு துல்லியமாகச் சொல்வது வியப்புக்குரியது. அந்த ஒயினில் ஒரு பகுதி மாலுமிகளின் சொந்தத் தேவைக்கும் போயிருக்கும்.

பெரனிகேவிலிருந்து கப்பல் புறப்படுவது ஜூலையில். செங்கடலின் வாயிலில் உள்ள ஒகேலிஸ் துறை வரை 30 நாள், அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு நேராக மேல்கரைத் துறையான முசிறி வரை 40 நாள் என்பது பிளினியின் கணக்கு. காற்று ஓய்ந்து கடல் தணியும் வேளையில் கப்பல் மலைநாட்டுக் கரையை அடையும். அந்நேரம் கம்பானியாவில் அடுத்த அறுவடை நடந்துகொண்டிருக்கும்.

வந்தது எவ்வளவு? எகிப்திலிருந்து வந்த கிரேக்க வணிகர் ஒருவர் முதல் நூற்றாண்டின் நடுவில் எழுதிய செங்கடற் பயண வழிகாட்டி, பெரிப்ளூஸ், முசிறியில் இறங்கிய பண்டங்களை வரிசையாகச் சொல்கிறது. நாணயம்தான் முதன்மை. துணி, பவளம், செம்பு, ஈயம் போன்றவற்றுக்கு நடுவே ஒயினும் வருகிறது, 'அதிகமில்லை' என்ற குறிப்போடு. வடக்கே பரூச் துறையில் இத்தாலிய ஒயினுக்கே முதல் மதிப்பு என்றும் அதே நூல் எழுதுகிறது.

அளவு குறைவாக இருந்தாலும், அது வந்தது தமிழகத்தில் மதுவுக்குப் பஞ்சம் என்பதால் அல்ல. கள், நறவு, மூங்கிற்குழாயில் ஊறி முதிர்ந்த தேறல் என்று சங்கப் பாடல்கள் பலவகைக் குடியைப் பேசுகின்றன. யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர், கொண்டுவந்தது அரண்மனைக்கு உரிய அரும்பொருள். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, நல்ல கலங்களில் யவனர் தந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தி நாள்தோறும் ஊட்ட மகிழ்ந்திருப்பாயாக என்கிறார். வணிகரின் சிக்கனமான குறிப்பும் புலவரின் பொற்கிண்ணமும் ஒரே செய்தியைத்தான் தருகின்றன.

கீழ்க்கரையில் இதற்குச் சான்று புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து ஆம்போராத் துண்டுகளை எடுத்து, ஊரை ரோமானிய வணிகத்தலம் என்று அறிவித்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு அக்கருத்தைத் திருத்தியது: உள்ளூர் மக்களின் குடியிருப்பு முன்பே இருந்தது, மத்தியதரைத் தொடர்பும் வீலர் கணித்ததைவிடப் பழையது. சாடித் துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத் தீவான கோஸின் சாடிவகை அவற்றில் இருப்பதைக் காட்டினார். கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். அளவைச் சரிக்கட்ட ஓர் அடிமை செய்த திருட்டு வேலையிலிருந்து அவ்வழக்கம் பிறந்ததாகப் பிளினி எழுதுகிறார்.

மேல்கரையில் கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007இல் தொடங்கிய அகழாய்வுகள் ஆயிரக்கணக்கான துண்டுகளை வெளிக்கொணர்ந்தன. முசிறி இங்கேதான் இருந்தது என்று பலரும் கருதுகிறார்கள். கம்பானியச் சாடியை இனங்காண்பது எளிது: வெசூவியஸ் எரிமலையின் கருமணல் அதன் களிமண்ணில் பொடிப்பொடியாகத் தெரியும்.

திரும்பும் பயணத்துக்கு வாடைக்காற்று. டிசம்பரிலோ, தாமதித்தாலும் ஜனவரி 13க்கு முன்போ முசிறியை விட்டுப் புறப்பட வேண்டும். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு பெயர்ந்ததை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அந்த மிளகும் கிடைத்திருக்கிறது: பெரனிகேயின் கோயில் வளாகத்தில், இந்தியாவில் வனைந்த பெரும்பானை ஒன்றுக்குள், ஏறத்தாழ 7.5 கிலோ.

கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்துக் கம்பானியத் தோட்டங்களைப் புதைத்தது. பின்னர் கிழக்கு மத்தியதரைச் சாடிகளின் பங்கு கூடியது. மூன்றாம் நூற்றாண்டையொட்டி வேறொரு கலம் இந்தியக் கரைகளில் தென்படுகிறது. பாரசீக வளைகுடா வழியே வந்த அது கைப்பிடி இல்லாமல் நீண்டு, உள்ளே நிலக்கீல் பூசியிருக்கும். ரோமானிய ஆம்போரா என்று அருங்காட்சியகங்களில் வைத்திருந்த துண்டுகளில் பல இந்த மெசொப்பொத்தாமியக் கலத்தின் உடைசல்களே என்பதை ராபர்ட்டா டோம்பர் மறுபடி பரிசோதித்து நிறுவினார்.