தூசியும் வேகமும்: ஏர் ஃபில்டர் வந்த வழி

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கின கையோட நம்ம பசங்க முதல்ல மாத்தற சாமான் எதுன்னு பார்த்தா, ஏர் ஃபில்டர்தான். மத்த பார்ட்ஸோட பார்த்தா செலவு கம்மி. அரை மணி நேர வேலை. பானெட்டைத் திறந்தா செக்கச்செவேல்னு கண்ணைப் பறிக்கும். "கம்பெனி ஃபில்டர் எஞ்சினை மூச்சு விட விடாது பாஸ், இதைப் போட்டா பிச்சுக்கிட்டு போகும்"னு ஒரு வசனமும் கூடவே வரும்.

எனக்கு ஊர் ஆலங்காயம். அந்தப் பக்கம் ஜவ்வாது மலை, இந்தப் பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகள். கீழே இறங்கினா சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை. லாரிக்குப் பின்னாடி போனவங்களுக்குத் தெரியும், எங்க ஊர் காத்துல பாதி மண். அந்த வசனம் இந்த மண்ணுல செல்லுபடியாகுமான்னு பார்க்க, கொஞ்சம் பின்னாடி போவோம்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9000 லிட்டர் காத்து வேணும். நாம ஊத்தறது பெட்ரோல்தான், ஆனா எஞ்சின் குடிக்கறது பெரும்பாலும் காத்து. அதுல வர்ற மண்ணுல குவார்ட்ஸ் துகள் இருக்கும். அது சிலிண்டர் இரும்பை விடக் கெட்டி. உள்ளே போச்சுன்னா பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவுல உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்ச மாதிரிதான்.

ஆரம்பகால கார்கள்ல இதைப் பத்தி யாரும் பெருசா கவலைப்படல. உலகத்தையே கார் ஓட்ட வெச்ச ஃபோர்டு மாடல் டி கூட ஏர் ஃபில்டர் இல்லாமத்தான் வந்துச்சு. அடி வாங்கினது டிராக்டர்தான். உழுற மண்ணுலயே நாள் பூரா ஓடுதில்ல! அமெரிக்காவுல டிராக்டர் வித்துக்கிட்டிருந்த ஃபிராங்க் டொனால்ட்சன், தூசியால எஞ்சின்கள் சீக்கிரமே தேய்ஞ்சு போறதைப் பார்த்து, 1915-ல ஒரு காத்துச் சல்லடை செஞ்சார். அதே வருஷம் அவர் பேருலயே கம்பெனியும் பிறந்துச்சு. ஆக, ஏர் ஃபில்டரைப் பெத்தது விவசாயம். ரேஸ் இல்லை.

அப்புறம் வந்தது ஆயில் பாத். உள்ளே வர்ற காத்து ஒரு கிண்ணத்துல இருக்கற எண்ணெய்ப் பக்கம் சட்டுனு திரும்பும். கனமான தூசி திரும்ப முடியாம எண்ணெயில விழும். மிச்சத்தை மேலே இருக்கற கம்பி வலை பிடிக்கும். இரண்டாம் உலகப் போர் ஜீப்புல இதுதான். நம்ம ஊர் பழைய மாஸி பெர்குசன் டிராக்டர்லயும் இதேதான். கிண்ணத்தைக் கழட்டி, அடியில தங்கின சேறை வழிச்சுட்டு, புது ஆயில் ஊத்தி மாட்டிடுவாங்க. முரட்டு சாமான், ஆனா உழைச்சுது.

இப்போ நம்ம விஷயத்தோட உயிர்நாடிக்கு வர்றேன். அதே போர்ல பாலைவனத்துக்குப் போன ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு மணல் பெரிய தலைவலி. அதுக்காக மூக்குக்குக் கீழே வோக்ஸ் ஃபில்டர்னு ஒண்ணைப் பொருத்தினாங்க. தாடை வீங்கின மாதிரி பெரிய டப்பா. எஞ்சின் பிழைச்சுது, ஆனா வேகம் குறைஞ்சுது, மேலே ஏறுற திறனும் குறைஞ்சுது. வானத்துல எதிரி துரத்தும்போது அது விளையாட்டா? எகிப்துல அபுகிர்ங்கற இடத்துல இருந்த பராமரிப்புக் கூடத்துல சின்னதா, காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போற மாதிரி வேற ஒண்ணைச் செஞ்சாங்க. அதுக்கு அபுகிர் ஃபில்டர்னே பேர். கவனிங்க மக்களே, உயிர் போற அவசரத்துலகூட ஃபில்டரைத் தூக்கி எறியல. வடிவத்தைத்தான் மாத்தினாங்க.

அந்தப் போர்க்கால விமான ஓடுதளம் ஒண்ணுதான் பின்னாடி நம்ம சோழவரம் ரேஸ் மைதானமா மாறிச்சு. 1953-ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அப்புறம் 1990-ல இருங்காட்டுக்கோட்டையில தனி டிராக்கே கட்டிச்சு. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினது 1980-களோட கடைசியில. இந்த உலகத்துல கணக்கே வேற. ஓடறது சுத்தமான தார் டிராக். ஓட்டம் கொஞ்ச நேரம். அப்புறம் எஞ்சினைப் பிரிச்சுப் பார்க்க ஒரு கூட்டமே காத்திருக்கும். அதனாலதான் அந்தக் காலத்து ரேஸ் கார் பலதுல ஃபில்டரே இருக்காது, கார்புரேட்டர் வாயில எக்காளம் மாதிரி குழாய் மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த ஞாயத்தை பதினஞ்சு வருஷம் ஓட வேண்டிய நம்ம வண்டிக்குக் கொண்டு வந்தா எப்படி?

சரி, அந்த சிவப்பு ஃபில்டர்? கலிஃபோர்னியாவுல 1969-ல கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்ட்னு ரெண்டு பேர் தொடங்கினதுதான் கே அண்ட் என். மண்ணுல ஓடற ரேஸ் பைக்குக்காக, எண்ணெய் தடவின பருத்தித் துணியை அடுக்கடுக்கா வெச்சு ஃபில்டர் செஞ்சாங்க. கழுவலாம், மறுபடி எண்ணெய் தடவிப் போடலாம். நல்ல யோசனைதான், மறுக்க முடியாது. இன்னொரு பக்கம், சாதாரண கார்கள்ல 1950-கள்ல இருந்தே மடிப்பு மடிப்பா இருக்கற தாள் ஃபில்டர் பரவ ஆரம்பிச்சாச்சு.

ரெண்டுல எது? தூசி பிடிக்கற அளவைச் சொல்ல ஐஎஸ்ஓ 5011னு ஒரு சோதனை முறை இருக்கு. உதாரணத்துக்கு ஒரு ஃபில்டர் நூத்துக்கு 99, இன்னொண்ணு 97 பிடிக்குதுன்னு வைங்க. ரெண்டுதானே வித்தியாசம்னு தோணும். ஆனா எஞ்சினுக்குள்ள போறதைப் பாருங்க. ஒண்ணுல 1, இன்னொண்ணுல 3. மூணு மடங்கு! பொதுவா நல்ல தாள் ஃபில்டர்தான் இந்தக் கணக்குல முன்னாடி நிக்கும்.

"அப்போ பவர்?"னு கேப்பீங்க. ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதிக்கும்போது த்ராட்டில் தகடே காத்தைத் தடுத்துக்கிட்டு நிக்குது. அப்போ ஃபில்டர் எவ்வளவு தாராளமா இருந்தும் புண்ணியம் இல்லை. முழுசா மிதிக்கும்போதுதான் வித்தியாசம். அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-ல வெளியிட்ட ஆய்வுல, இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்ல ஃபில்டர் அடைச்சிருந்தாலும் மைலேஜ் பெருசா குறையல, பிக்கப்தான் குறைஞ்சுதுன்னு தெரிஞ்சுது. ஆக, அடைச்ச ஃபில்டரை மாத்தினா பலன் உண்டு. நல்லா இருக்கற ஃபில்டரை மாத்தினா கிடைக்கறது பெரும்பாலும் சத்தம்தான் :-)

கூம்பு மாதிரி திறந்த ஃபில்டர் போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. அது எஞ்சின் சூட்டையே உறிஞ்சும். வெளியே 40 டிகிரி, பானெட்டுக்குள்ள 70 டிகிரின்னா, அந்த சூட்டுக் காத்துல அடர்த்தி சுமார் 9 சதவீதம் கம்மி. வேலூர் வெயில்ல இது தேவையா?

எங்க ஊர்ல ரெண்டு வகை தூசி உண்டு. தோலை பஃபிங் பண்ணும்போது வர்றது மெல்லிசு நார், அது ஃபில்டரை அடைக்கும். ரோட்டு மண்ணு எஞ்சினைத் தேய்க்கும். ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான். வண்டிக்கு ஏத்த ஒரிஜினல் தாள் ஃபில்டர், ஓரத்து ரப்பர் டப்பாவுல சரியா உக்காரணும். கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாடியே மாத்திடணும். ஷெட்டுல கம்ப்ரஸர் காத்து அடிச்சு மறுபடி மாட்ட விடாதீங்க, தாள்ல கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். பருத்தி ஃபில்டர்தான் வேணும்னா, எண்ணெயை அளவா தடவுங்க. அதிகமானா காத்தை அளக்கற சென்சார்ல படிஞ்சு வேற செலவு வைக்கும்.

ஒரு ஃபில்டர் சில நூறு இல்லேன்னா சில ஆயிரம் ரூபாய். ஸ்போர்ட்ஸ் காருக்கு எஞ்சின் வேலை பார்க்கணும்னா சில லட்சம். பாலைவனத்துல விமானம் ஓட்டினவன் விட்டுக் கொடுக்காததை, ஆலங்காயம் ரோட்டுல நாம ஏன் விட்டுக் கொடுக்கணும்?