மணிபல்லவம்: தமிழ்க் காதல் இலக்கியத்தில் கட்டும் வீடும்

காதலைச் சிறையாகவும் விடுதலையாகவும் காட்டும் உருவகங்கள் சங்க அகப்பாடல் தொடங்கி இன்றைய ஈழத்துக் கவிதை வரை தமிழில் தொடர்ந்து வருகின்றன. பழந்தமிழில் இவற்றை மிக ஆழமாகக் கையாண்ட நூல் சீத்தலைச் சாத்தனார் 30 காதைகளில் பாடிய மணிமேகலை. அக்காப்பியத்தின் திருப்புமுனை மணிபல்லவம் என்னும் தீவில் நிகழ்கிறது. அத்தீவு யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள நயினாதீவே என்பது ஈழத்தில் வேரூன்றிய கருத்து.

மணிபல்லவம் சோழர் தலைநகரான புகாருக்குத் தெற்கே 30 யோசனைத் தொலைவில் இருப்பதாகக் காப்பியம் கூறும். நாக நாட்டு அரசர் இருவர் ஓர் இருக்கைக்காகப் போரிட்டதும், புத்தர் அவர்களை அமைதிப்படுத்தியதும் அங்கே நடந்தன என்றும் அது சொல்கிறது. இதே கதையை மகாவம்சம் நாகதீபத்தில் வைக்கிறது. குறிகட்டுவானிலிருந்து படகில் சென்றடையும் நயினாதீவில் இன்று நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே உள்ளன. மணிபல்லவம் எது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் யாழ்ப்பாணத் தீவகத்து மக்கள் தங்கள் மண்ணாகவே அதைக் கொள்கின்றனர்.

சாத்தனார் செய்த மாற்றத்தை அறிய, அவருக்கு முந்திய அகமரபைப் பார்க்க வேண்டும். அங்கே சிறை என்பது வீடு. மகளின் களவுக் காதல் தெரிந்ததும் தாய் அவளை வெளியே விடாமல் காப்பது இற்செறிப்பு எனப்படும். இரவில் தலைவன் வந்தால் தாயின் விழிப்பும் நாயின் குரைப்பும் ஊர்க்காவலரும் நிலவும் தடைகளாகின்றன. இவற்றிலிருந்து விடுபடும் வழி, தலைவனுடன் வீட்டைவிட்டுச் செல்லும் உடன்போக்கு. சங்கத் தொகைகளில் ஏழு பாடல்களுக்கு உரியவரும் ஈழத்தவர் எனக் கருதப்படுபவருமான பூதன்தேவனாரின் குறுந்தொகைப் பாடல் ஒன்றில் தோழி தலைவியை இவ்வழிக்கே தூண்டுகிறாள். காவல் புறத்தே இருக்கிறது. காதல் அதை மீறுகிறது. அகமரபின் அடிப்படை அமைப்பு இதுவே.

மணிமேகலை இந்த அமைப்பைத் தலைகீழாக்குகிறது. சோழ இளவரசன் உதயகுமரன் துரத்தி வர, காப்பியத் தலைவி மணிமேகலை உவவனம் என்னும் சோலையிலுள்ள பளிங்கு அறையான பளிக்கறைக்குள் ஒளிகிறாள். அடைபட்ட அறை இங்கே காப்பிடம், காதலனே அச்சம். அவன் போனபின் தோழி சுதமதியிடம் அவள் சொல்லும் சொற்கள் தமிழ்க் காதல் இலக்கியத்தின் மிக நேர்மையான ஒப்புதல்களில் ஒன்று. தன்னைக் கற்பும் தவவுணர்வும் இல்லாதவள் என இகழ்ந்தவன் பின்னே தன் நெஞ்சு சென்றுவிட்டதாக அவள் கூறுகிறாள். கட்டு வெளியே இல்லை, தன்னுள்ளேயே இருக்கிறது என்பதை அவள் முதலில் உணரும் இடம் இது.

அன்றிரவு மணிமேகலா தெய்வம் உறங்கும் அவளை எடுத்துச் சென்று மணிபல்லவத்தில் விடுகிறது. விழித்தவள் ஆளற்ற கடற்கரையில் தோழியைத் தேடி அழைக்கிறாள், தந்தை கோவலனை நினைத்து அழுகிறாள். பின்பு புத்த பீடிகையைக் கண்டதும் முற்பிறப்பு நினைவுக்கு வருகிறது. அப்பிறப்பில் அவள் இலக்குமி. கணவன் இராகுலன் திட்டிவிடம் என்னும் பாம்பால் இறக்க, அவளும் தீப்புகுந்தாள். அந்த இராகுலனே இன்று உதயகுமரன். நெஞ்சு அவன்பின் சென்றதன் காரணம் இப்போது விளங்குகிறது. காதலைப் பொய் என்றோ இழிவு என்றோ தள்ளாமல், பிறவி கடந்தும் அறாத உண்மை என்று ஏற்றபின்பே அதைக் கட்டு என்கிறார் சாத்தனார். காப்பியத்தின் பெருமை இங்கேதான் இருக்கிறது. தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களைத் தருகிறது: வேற்றுருக் கொள்ள ஒன்று, வான்வழி செல்ல ஒன்று, பசி தீர்க்க ஒன்று. உடலின் எல்லைகளை இவை தளர்த்துகின்றன. நெஞ்சின் கட்டை இவற்றால் அவிழ்க்க முடியவில்லை.

புகாருக்குத் திரும்பியபின் உருவகம் கல்லும் சுவருமாக மாறுகிறது. காயசண்டிகை என்னும் பெண்ணின் உருவில், அள்ளக் குறையாத உணவுப் பாத்திரமான அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை, அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். அதை அடுத்த காதையிலேயே, காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவியென மயங்கி, பொறாமையால் உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். அவள் கதறிக்கொண்டு உடலருகே ஓட, தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை தடுக்கிறது. பிறரின் சிறையைத் திறந்தவளால் தன் துயரத்திலிருந்து அப்போது விடுபட முடியவில்லை. பிறகு உதயகுமரனின் தாய் இராசமாதேவி அவளைப் புழுக்கறையில் அடைத்துப் பட்டினி போடுகிறாள். மகனை இழந்த அரசியிடம் மணிமேகலை கேட்பது ஒன்றே: அழுவது உடலுக்கா, உயிருக்கா? உடலைச் சுடுகாட்டுக்கு அனுப்பியது நீயே. உயிர் எங்கே பிறந்ததென அறிய முடியாததால், அதன்மேல் அன்பு உண்மையானால் எல்லா உயிர்க்கும் இரங்க வேண்டும் என்கிறாள். ஒருவர்மேல் கட்டுண்ட அன்பு எல்லார்க்கும் விரிவதே இங்கு விடுதலை. காப்பியத்தைச் சமயவாதம் நிறைந்தது எனக் குறைகூறுவோர் 27, 29ஆம் காதைகளைக் காட்டலாம். இப்பகுதிக்கு அக்குறை பொருந்தாது.

மணிபல்லவத்தோடு தொடர்புள்ள மற்றொரு காதல், நாக இளவரசி பீலிவளையுடையது. சோழனோடு ஒரு திங்கள் வாழ்ந்து சொல்லாமல் மறைகிறாள். பின்னர் தன் மகனை மணிபல்லவத்தில் கம்பளச்செட்டியின் கலத்தில் ஏற்றி அனுப்புகிறாள். அன்றிரவே கலம் கவிழ்கிறது. பிள்ளையைத் தேடிய மன்னன் இந்திரவிழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. கட்டின்றி வந்து போனவள் அவள், கட்டுண்டவன் அரசன்.

பிற்காலத் தீவகத்தில் காதலின் தளைகள் சாதியும் சீதனமும் ஆயின. ஒல்லாந்தர் ஆட்சியில் 1706–07இல் தொகுக்கப்பட்ட தேசவழமை சீதனத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. அதன்கீழ் மணமான பெண் தன் நிலத்தையே கணவனின் எழுத்துமூல ஒப்புதலின்றிப் பொதுவாக விற்க முடியாது. ஊர்காவற்றுறையின் பெயரைப் புனைபெயரில் ஏந்திய காவலூர் இராசதுரை எழுதி, தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பொன்மணி’ (1977) திரைப்படத்தில் யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் சீதனச் சுமையும் சாதி கடந்த காதலும் மோதுகின்றன. பழைய உடன்போக்கு அங்கே மீண்டும் வருகிறது. ஆனால் ஓடிப்போனவர்களைச் சாதி விட்டுவிடுவதில்லை. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளியான ‘சொல்லாத சேதிகள்’ என்னும் பெண்கவிஞர் தொகுப்பில் கேள்வி இன்னும் உள்ளே செல்கிறது. காதலிப்பவனே உடைமையாளனாகவும் ஆகும்போது பெண்ணின் விடுதலை எங்கே என்பதே அக்கேள்வி. பளிக்கறைக்கு வெளியே நின்ற உதயகுமரனை நோக்கி மணிமேகலையின் நெஞ்சில் எழுந்த முரணும் இதுவே. அவள் அதற்குத் துறவில் விடை தேடினாள். இக்கவிஞர்களோ காதலைத் துறக்காமல், அதை இருவரும் நிகராக நிற்கும் உறவாக மாற்றக் கோரினர்.