எம்டன் திரிந்த கடலில் மலைநாட்டுத் தேயிலை

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல. கடல்மட்டத்திலிருந்து 1,891 மீட்டர். 1890களில் ரயில் பாதை இவ்வழியே ஊவாவுக்கு நீண்டதும், அந்தப் பக்கத்துத் தேயிலைப் பெட்டிகள் இம்மேட்டைக் கடந்து கொழும்புக்கு இறங்கி, லண்டனுக்குக் கப்பலேறின. கொழுந்து பறித்தவர்களுக்கான அரிசியோ பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கடல் வழியே வந்தது. கடல் அடைபட்டால் லயத்து அடுப்பும் எரியாது.

1914 செப்டெம்பரில் அந்த ஆபத்து நேரில் வந்தது. கப்டன் கார்ல் ஃபொன் முல்லரின் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், வங்கக் கடலுக்குள் புகுந்தது. அதற்கு மூன்று புகைபோக்கிகள். கித்தான் துணியில் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியையும் நிறுத்திக்கொண்டதால், தூரத்துப் பார்வைக்கு அது ஆங்கிலேயக் கப்பல். நம்பி நெருங்கிய வணிகக் கப்பல்கள் சிக்கின. கல்கத்தாவிலிருந்து தேயிலை ஏற்றிவந்த ‘டிப்ளமாட்’ 13ஆம் தேதி மூழ்கடிக்கப்பட்டது.

இந்த வேட்டையை முதலில் தடுத்தது பீரங்கியல்ல. நடுநிலை நாட்டுக் கப்பல் என்று எம்டன் விட்டுவிட்ட இத்தாலியக் கப்பல் ‘லொரெதானோ’, வழியில் கண்ட ‘சிட்டி ஆஃப் ரங்கூன்’ கப்பலுக்குச் சேதி சொன்னது. சேதி கல்கத்தாவை எட்டியதும் வங்கக் கடலில் கப்பல்கள் புறப்படுவது நிறுத்தப்பட்டது. இரை கிடைக்காத எம்டன் இடம் மாறியது. 22ஆம் தேதி இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. மூன்று நாளில் இலங்கைக் கடலுக்கே வந்து ‘கிங் லட்’, ‘டைமரிக்’ கப்பல்களை மூழ்கடித்தது.

அதன் முடிவும் ஒரு சேதியால்தான் வந்தது. நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை உடைக்க எம்டன் ஆட்களை இறக்கியது. அவர்கள் கரையேறுமுன்பே, அந்நியக் கப்பல் வந்திருப்பதை ஊழியர்கள் கம்பியில்லாத் தந்தியில் சொல்லிவிட்டார்கள். கொழும்பு நோக்கிப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல் அணிக்குக் காவலாக, ஏறக்குறைய 50 கடல் மைல் தொலைவில் வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘சிட்னி’ விரைந்து வந்தது. அன்றே எம்டன் நொறுங்கிப் பவளப்பாறையில் ஏறியது.

நூறாண்டு கடந்தும் அபாயம் தீரவில்லை. 2017 மார்ச்சில் சோமாலியக் கரையோரம் கொள்ளையர் கடத்திய ‘அரிஸ் 13’ எண்ணெய்க் கப்பலில் இருந்த எட்டுப் பேரும் இலங்கையர். நான்காம் நாள் பணயத்தொகை இன்றி மீண்டார்கள். 2023 இறுதியிலிருந்து செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின.

கடற்காவலுக்குப் போர்க்கப்பல் வேண்டும்தான். ஆனால் ஆபத்தைக் கண்டவர் உடனே சொல்வதும், கேட்டவர் உடனே கிளம்புவதும் இல்லாமல் எந்தப் பீரங்கிக்கும் பயனில்லை. கடலோடிகளின் அபயக் குரலைக் கேட்கும் நிலையங்களுக்கு ஆளும் பணமும் குறையாமல் கொடுப்பது, கடலை நம்பித் தேயிலை விற்கும் நம் நாட்டின் கடமை.