சஹானாவும் எங்கள் பிள்ளைகளின் ஈமெயிலும்

கொஞ்சம் நீண்ட பதிவுதான். ஐ.சி.ரி. படிக்கும் பிள்ளைகளின் வாப்பா, உம்மாமார் பொறுமையாக வாசியுங்கள்.

2004 டிசம்பர் 26க்குப் பிந்திய நாட்களில் எங்கள் பக்கம் இருந்தவர்களுக்கு அந்தத் தாள்கள் ஞாபகம் இருக்கும். கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. பாதை ஏறித்தான் போக வேண்டும். இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய பாடசாலைச் சுவரில் கையால் எழுதிய பட்டியல் ஒட்டியிருந்தது. பெயர், வயது, எந்த ஊர், யாரைக் காணவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயதும் நிரம்பவில்லை. தேடி வந்தவர்களுக்கு அந்தத் தாள் பெரிய உதவி. ஆனால் தாய் தகப்பனை இழந்த பிள்ளையின் பெயரை வழியால் போகிற எவரும் வாசிக்கலாம் என்பதை அந்த நேரம் யாரும் யோசிக்கவில்லை.

அதே நாட்களில் கொழும்பில் சிலர் யோசித்தார்கள். சஞ்ஜீவ வீரவரண 2003இல் தொடங்கிய லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷனைச் சேர்ந்தவர்களும் வேறு தொண்டர்களும் சில வாரங்களிலேயே ஒரு மென்பொருளை எழுதினார்கள். பெயர் சஹானா. சிங்களத்தில் சஹன என்றால் நிவாரணம். காணாமற்போனவர்கள், முகாம்கள், எங்கே என்ன பொருள் தேவை, எல்லாவற்றையும் ஓரிடத்தில் பதிவதற்கான மென்பொருள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அடுத்த வருடம் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை ப்ரீ சொப்ட்வெயர் பவுண்டேஷன் அதற்குக் கொடுத்தது. சுனாமி அழித்த ஒரு நாட்டிலிருந்து உலகத்துக்குப் போன பொருள் இது. எங்கள் வரலாற்றுப் புத்தகங்களில் இதற்கு ஒரு பந்தி கூட இல்லை என்பது என் நெடுநாள் குறை.

சஹானா திறந்த மூல மென்பொருள். அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் அதற்குள் பதியும் அகதியின் விபரத்தை யாரும் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. நிரல் எல்லாருக்கும், விபரம் தேவையானவருக்கு மட்டும். இந்த வித்தியாசம் முக்கியம். சரி, அந்த நிரலை எழுதுகிறவரின் விபரம்?

இங்கேதான் கதை திரும்புகிறது. சஹானா தொடங்கிய காலத்தில் பரவலாக இருந்த சி.வி.எஸ். முறையில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் எழுதியவரின் கணக்குப் பெயர் மட்டும்தான் பதிவாகும். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் என்ற புதிய முறையை உருவாக்கினார். லினக்ஸ்காரர்கள் திருத்தங்களை ஈமெயிலில் அனுப்பிப் பழகியவர்கள். 2003இல் எஸ்.சி.ஓ. என்ற கம்பனி லினக்ஸ் நிரலுக்கு உரிமை கோரி வழக்குப் போட்டதிலிருந்து எந்த வரியை யார் கொடுத்தது என்று காட்ட வேண்டிய தேவையும் வந்திருந்தது. ஆகவே கிட் ஒவ்வொரு பதிவிலும் பெயரோடு ஈமெயில் முகவரியையும் சேர்த்து வைத்தது. அவர்களுக்கு அது நியாயமாகத்தான் இருந்தது. பிறகு உலகமே கிட்டுக்கு மாறியது. பதினாறு வயதுப் பிள்ளையும் மாறியது.

அழிக்க முடியாதா என்று கேட்பீர்கள். கிட்டில் ஒவ்வொரு பதிவின் இலக்கமும் அதற்கு முந்திய பதிவையும் சேர்த்துக் கணிக்கப்படுகிறது. பழைய ஒன்றில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை இலக்கங்களும் மாறிவிடும். ஒரு ஆளுக்காக அதைச் செய்ய எந்தத் திட்டமும் இலேசில் சம்மதிக்காது. சம்மதித்தாலும், ஏற்கனவே இறக்கி வைத்தவர்களிடம் பழைய பிரதி இருக்கும்.

என் மாணவி ஒருத்தி ஒரு திட்டத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் பிழை திருத்தினாள். முழுப்பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த அவளுடைய ஈமெயில் அப்படியே பதிவாகியது. சில மாதத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஒரு கடிதம், அடையாள அட்டையின் பிரதி கேட்டு. நல்லவேளை, அனுப்பமுதல் என்னிடம் காட்டினாள். அவளுடைய வாப்பா கணினியே வேண்டாம் என்று மூடி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கிட்டைக் கற்றுக்கொடுத்தவன் நான். முகவரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாததும் நான்தான். இரண்டு தரம் வீட்டுக்குப் போய்ப் பேசிய பிறகுதான் கணினி திரும்பத் திறந்தது.

இதற்கு வழி இல்லாமலில்லை. கிட்ஹப்பில் ஈமெயிலை மறைத்து வைக்கும் தெரிவு உண்டு. அதைப் போட்டால் அவர்களே ஒரு நோரிப்ளை முகவரி தருவார்கள். அதற்கு யாரும் கடிதம் அனுப்ப முடியாது, திருத்தம் மட்டும் உங்கள் கணக்கின் பெயரிலேயே சேரும். 2017இலிருந்து இன்னொரு தெரிவும் இருக்கிறது: மறைக்கச் சொன்ன முகவரி தவறிப்போய் நிரலோடு வந்தால் அதை ஏற்காமல் நிறுத்திவிடும். ஆனால் இணையத்தில் மாற்றினால் மட்டும் போதாது. பிள்ளையின் கணினியில் உள்ள கிட்டிலும் அந்த நோரிப்ளை முகவரியையே கொடுக்க வேண்டும், அதுவும் முதல் பதிவுக்கு முன்னரே.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு என் வீட்டு விறாந்தையில் இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்து கொடுக்க இருக்கிறேன். கடவுச்சொல்லை மறக்காமல் கொண்டு வாருங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள். அந்த மாணவியும் வருகிறாள், வாப்பாவோடு.