காமாலைக் கண்ணும் பஞ்சுப் பொட்டும்

"காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்ற பழமொழி எங்க குழித்துறைப் பக்கமும் உண்டு. சந்தேகப் பேர்வழிகளைக் குத்திக் காட்ட அருமையான வாசகம்தான். ஆனால் மருத்துவப்படி பார்த்தால் கொஞ்சம் தப்பு. காமாலையில் பிலிருபின் என்ற நிறமி ரத்தத்தில் கூடி, கண்ணின் வெள்ளைப் பகுதியில் மஞ்சள் படியும். பார்க்கிற நமக்குத்தான் அது மஞ்சள். அந்தக் கண்ணுக்கு உரியவருக்கு உலகம் பொதுவாக எப்போதும் போலத்தான் தெரியும்.

போயும் போயும் ஒரு பழமொழியை ஏன் நோண்டுகிறாய் என்று கேட்கலாம். காமாலை என்றால் கண்ணில் ஏதாவது வரத்தான் செய்யும் என்று நாம் எல்லோரும் உள்ளுக்குள் நம்புகிறோம் பாருங்கள், அந்த நம்பிக்கை ஒரு காலத்தில் ஆபத்தாக இருந்தது. ஈரல் நோய்க்குக் கொடுத்த மருந்து கண்ணைத் தாக்கியபோது, "இது நோய்தானே" என்று ஆட்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பழைய கதைகளை வாசிக்கிற கிறுக்கு உள்ள ஆள், அவ்வளவுதான்.)

அந்த மருந்தின் பெயர் இன்டர்ஃபெரான். 1957-ல் லண்டன் மில்ஹில் ஆய்வுக்கூடத்தில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இருவர் கோழி முட்டைச் சவ்வில் இன்ஃப்ளூயன்ஸா வைரஸை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வைரஸைச் சந்தித்த செல்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரக்கின்றன, அது அடுத்து வரும் வைரஸுக்குக் குறுக்கே நிற்கிறது என்று கண்டார்கள். குறுக்கிடுவதால் அந்தப் பெயர். கண்டுபிடித்துவிட்டார்களே தவிர, எடுப்பது பெரும்பாடு. 1970-களில் ஃபின்லாந்தின் காரி காண்டெல் ரத்த தானம் செய்தவர்களின் வெள்ளணுக்களில் இருந்து துளித் துளியாகச் சேர்த்துத்தான் உலகத்துக்குக் கொடுத்தார். 1980-ல் சார்ல்ஸ் வைஸ்மன் குழு மரபணு முறையில் பாக்டீரியாவை வைத்தே அதைத் தயாரித்துக் காட்டியது. அதே ஆண்டு டைம் இதழின் அட்டையில் இன்டர்ஃபெரான். புற்றுநோயே ஒழிந்தது என்று ஒரே கொண்டாட்டம். அப்படி ஒன்றும் ஒழியவில்லை.

கதை ஈரலுக்கு வருவது 1986-ல். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜே ஹூஃப்நாகல் குழுவினர் பத்தே பத்து நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். என்ன நோய்? "ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத" ஹெபடைடிஸ். சத்தியமாக அதுதான் அன்றைய அதிகாரப்பூர்வப் பெயர்! ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஈரல் கெடுகிறது, ஆனால் தெரிந்த வைரஸ் எதுவும் இல்லை என்று ஹார்வி ஆல்டர் 1970-களிலேயே சொல்லியிருந்தார். ஆசாமி யாரென்று 1989-ல்தான் தெரிந்தது. மைக்கேல் ஹாட்டன் குழு கண்டுபிடித்த அதற்கு ஹெபடைடிஸ் சி என்று பெயர் வந்தது. (ஆல்டர், ஹாட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் நோபல்.) ஆக, எதிரி யாரென்று தெரிவதற்கு மூன்று வருடம் முன்பே மருந்து கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

கண் விஷயம் முதலில் வெளிவந்தது ஜப்பானில். 1990-ல் இகெபெ என்ற கண் மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும், இன்டர்ஃபெரான் ஏற்றிய ஒருவரின் விழித்திரையில் ரத்தக் கசிவும் வெள்ளைப் பொட்டுகளும் இருப்பதாக எழுதினார்கள். வெள்ளைப் பொட்டு என்றால், கண் டாக்டர்கள் பாஷையில் பஞ்சுப் பொட்டு. நுண்ணிய ரத்தக்குழாய் அடைபடும், அங்கே உள்ள நரம்பிழைகள் வீங்கும், அது பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போலத் தெரியும். சர்க்கரை நோயிலும் ரத்த அழுத்தத்திலும் வருவது இதே பொட்டுதான். ஜப்பானில் 1992 முதல் ஹெபடைடிஸ் சி-க்கு இந்த ஊசி காப்பீட்டில் கிடைத்தது. ஏராளமானோர் போட்டுக்கொண்டார்கள். தேடிப் பார்த்தபோது பொட்டுகளும் ஏராளம். 1993-ல் அமெரிக்காவிலும் கையர் குழுவினர் இதைப் பதிவு செய்தார்கள்.

ஏன் வருகிறது? மருந்தால் தூண்டப்பட்ட எதிர்ப்புப் பொருட்கள் குழாய்ச் சுவரில் படிவது, வெள்ளணுக்கள் நுண்குழாயில் ஒட்டிக்கொண்டு அடைப்பது என்று இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். போதாததற்கு இந்த மருந்து தட்டணுக்களைக் குறைக்கும். 1998-க்குப் பிறகு கூடச் சேர்த்துக் கொடுத்த ரிபாவிரின் மாத்திரையோ சிவப்பணுக்களை உடைத்து ரத்தச்சோகை கொண்டுவரும்.

இதில் முக்கியமான சமாச்சாரம் இரண்டு. ஒன்று, பொட்டு விழுந்த பெரும்பாலோருக்குப் பார்வையில் ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் பொட்டு கூர்மையாகப் பார்க்கும் மையத்தில் விழுவதில்லை. மருந்தை நிறுத்தினால், பலருக்கு நிறுத்தாமலேயே, மறைந்தும் போகும். இரண்டு, சிலருக்கு மையத்திலேயே கசியும், அல்லது பெரிய ரத்தக்குழாய் அடைபடும், பார்வை நரம்புக்கே ரத்தம் நிற்கும். அப்படிப் போன பார்வை எல்லோருக்கும் திரும்பியதில்லை. நீங்கள் எந்தக் கட்சி என்று கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

எங்க மாமா ஒருவரின் கதையைச் சொன்னால் இது விளங்கும். 1994-ல் ஒரு லாரி விபத்தில் அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றும் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி உண்டா என்று சோதிப்பது இந்தியாவில் கட்டாயமானது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில்தான். 2006-ல் குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்தம் சோதித்தபோது வைரஸ் தெரிந்தது. மஞ்சளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்த நோய் அப்படித்தான், பத்துப் பதினைந்து வருடம் சத்தமே போடாது. ஆனால் ஊரில் ஈரல் நோய் என்றாலே காமாலைதான். கீழாநெல்லி, பத்தியம், உப்பில்லாக் கஞ்சி என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கீழாநெல்லியை நான் கேலி செய்யவில்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன், நோபல் பெற்ற ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, ஹெபடைடிஸ் பி-க்கு அது உதவுவதாக லான்செட் இதழில் எழுதினார். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்ததாகக் கணக்கு. பிற்பாடு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த அளவுக்கு வரவில்லை. அது பி, மாமாவுக்கு இருந்தது சி.

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் வாரம் ஒரு ஊசி, 24 வாரம். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்து என்பதால் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் பஸ்ஸில் கொண்டுவருவார். போட்ட அன்றைக்குக் காய்ச்சலும் குளிரும். முடி கொட்டியது. ஆள் யாரிடமும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இரண்டாம் மாதம் பேப்பர் வாசிக்கும்போது வரியின் நடுவில் ஓரிரு எழுத்து காணாமல் போனது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் நான் கேட்டதற்கு, "காமாலை சூக்கேடுல்லா மக்களே, கண்ணுலதான் கெடக்கும். ஊசி முடிஞ்சா செரியாவும்" என்றார்.

அத்தை விடவில்லை, கூட்டிக்கொண்டு போனாள். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் பஞ்சுப் பொட்டு, ஒன்றில் கொஞ்சம் கசிவு. மாமாவுக்குச் சர்க்கரையும் உண்டு. இது சர்க்கரையால் வந்ததா, ஊசியால் வந்ததா? நல்ல வேளையாக முதல் ஊசிக்கு முன்னாலேயே விழித்திரையைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. மருந்துப் பெட்டியோடு வருகிற குறிப்பிலேயே சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் கண் பரிசோதனை, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கண்ணைத் தொட்டிருந்தால் இடையிடையே மறுபடியும், பார்வையில் மாற்றம் தெரிந்தால் உடனே என்று போட்டிருப்பது இதற்காகத்தான்.

அடுத்தது கஷ்டமான கேள்வி. ஊசியை நிறுத்துவதா, தொடர்வதா? அன்றைக்கு வேறு மருந்து கிடையாது. இதுவுமே எல்லா வகை சி-யையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் வேலை செய்தது. நிறுத்தினால் ஈரல் சுருங்கிச் சாகலாம், தொடர்ந்தால் கண் போகலாம். கண்ணா ஈரலா என்று ஒரு மனுஷனைக் கேட்பது எவ்வளவு கொடுமை! ஈரல் டாக்டரும் கண் டாக்டரும் போனில் பேசி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கண் பார்ப்பது, கசிவு கூடினால் அன்றோடு நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். கூடவில்லை. 24 வாரமும் முடிந்தது. நாலைந்து மாதத்தில் பொட்டுகள் மறைந்தன. வைரஸும் போயே போச்சு. மாமா அதிர்ஷ்டசாலி. எல்லோருக்கும் இப்படி அமையவில்லை.

இன்றைக்கு அந்தக் கேள்வியே இல்லை. 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் மாத்திரை அமெரிக்காவில் வந்தது, ஒரு மாத்திரை 1000 டாலர்! 2014-ல் கிலியட் நிறுவனம் இந்திய கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. 2015-ல் நாட்கோ 28 மாத்திரை கொண்ட புட்டியை 19,900 ரூபாய்க்கு இங்கே விற்றது. கூட இன்னொரு மாத்திரையும் சேர்த்து, பெரும்பாலோருக்கு 12 வாரம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணம், ஊசியே கிடையாது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் இது இலவசம். ஜூலை 28 மேலே சொன்ன ப்ளம்பெர்க்கின் பிறந்த நாள்.

அதற்காக இன்டர்ஃபெரான் ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஹெபடைடிஸ் பி-யில் சிலருக்கு இன்னும் கொடுக்கிறார்கள். சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும் ஒரு ரத்த நோய்க்குப் புது வகை இன்டர்ஃபெரான் ஒன்றை 2021-ல் அமெரிக்கா அனுமதித்தது. அந்த மருந்தின் குறிப்புத் தாளிலும் கண்ணைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது அந்த ஊசி போடுகிறார்கள் என்றால், முதல் ஊசிக்கு முன் கண்ணைப் படமெடுத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.