மெழுகுக் கப்பல் சொன்ன கணக்கு

எரிபொருள் சிக்கனம் என்றதும் எல்லோரும் இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். கப்பல் வடிவமைப்பிலேயே காலம் கழித்த எனக்கு முதலில் ஞாபகம் வருபவர் வில்லியம் ஃப்ரூட். இங்கிலாந்தின் டெவன் பகுதிக்காரர். பொறியாளர் புரூனெலிடம் ரயில் பாதை வேலை பார்த்தவர்.

1867இல் டார்ட் ஆற்றில் இரண்டு கப்பல் வடிவங்களை அவர் நீராவிப் படகில் கட்டி இழுத்துப் பார்த்தார். ஒன்றின் பெயர் ஸ்வான், மற்றது ரேவன். ஒவ்வொன்றிலும் 3, 6, 12 அடி நீளத்தில் மாதிரிகள். ரேவனின் அணியம், அதாவது முன்முனை, கூரானது. ஸ்வானின் முனைகள் உருண்டு பருத்தவை. கூர்மைதான் வேகத்துக்கு வழி என்று பெரிய வடிவமைப்பாளர்களே நம்பிய காலம் அது. மெதுவாக இழுத்தபோது ரேவன்தான் இலேசாக வந்தது. வேகம் ஏற ஏற ஸ்வான் முந்திக்கொண்டது. ஆக, நல்ல வடிவம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்த வேகத்துக்கு நல்லது என்றுதான் கேட்க வேண்டும். எங்கள் தொழிலின் அடிப்படைக் கேள்வியே இதுதான் என்பேன்.

காரணம் அலை. கப்பல் எழுப்பும் ஒவ்வொரு அலையும் எரித்துத் தீர்த்த நிலக்கரி. ஒரே வடிவத்தில் சிறிதும் பெரிதுமாக இரண்டு இருந்தால், நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ற வேகத்தில் இரண்டும் ஒரே மாதிரி அலை எழுப்பும் என்று ஃப்ரூட் கண்டார். 16இல் ஒரு பங்கு நீளமுள்ள மாதிரியைக் கால்பங்கு வேகத்தில் இழுத்தால் போதும், பெரிய கப்பலின் அலை கண்முன் வந்துவிடும். தண்ணீரின் உராய்வு இந்தக் கணக்கில் அடங்காது. அதற்காக 50 அடி வரை நீளமான பலகைகளைத் தனியே இழுத்து அளந்தார்.

இதெல்லாம் விளையாட்டு என்று கப்பல் வடிவமைப்பாளர் ஸ்காட் ரஸ்ஸல் ஒதுக்கினார். அப்படியும் கடற்படை 2,000 பவுண்டு கொடுத்தது. டார்க்கியில் தன் வீட்டருகே கட்டிய நீண்ட தொட்டியில் 1872 முதல் பாரஃபின் மெழுகு மாதிரிகளை ஃப்ரூட் ஓடவிட்டார். மெழுகைச் சீவுவது எளிது; திருத்துவது அதைவிட எளிது; பழசை உருக்கி மறுபடி வார்க்கலாம். கிரேஹவுண்ட் என்ற நிஜக் கப்பலை இன்னொரு கப்பலால் இழுக்கவைத்து அளந்தபோது மெழுகின் கணக்கு பொருந்தியது. இன்ஜின் தரும் சக்தியில் பாதிகூடக் கப்பலை நகர்த்துவதற்குப் போய்ச் சேரவில்லை என்பதும் அதில் வெளிப்பட்டது. 1879இல், தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுனில் அவர் காலமானார்.

பிறகு அணியத்தின் அடியில், நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உருண்ட மூக்குப் போன்ற பல்ப் வந்தது. அது எழுப்பும் அலையின் பள்ளம், அணியம் எழுப்பும் அலையின் மேட்டில் விழுந்து அதைத் தணிக்கும். அதுவும் ஒரு குறிப்பிட்ட வேகத்தை ஒட்டித்தான். 2008க்குப் பிறகு சரக்கு குறைந்தது, எண்ணெய்ச் செலவு உறுத்தியது. 24, 25 நாட் வேகத்துக்கு வரைந்த கன்டெய்னர் கப்பல்களை மெதுவாக ஓட்ட ஆரம்பித்தார்கள். வேகத்தில் 10 சதவீதம் குறைத்தால் தேவையான சக்தி ஏறக்குறைய 27 சதவீதம் குறையும், லாபம்தான். ஆனால் பல்ப் வீண் சுமையாகிவிட்டது.

அப்படி ஒன்றை ட்ரை டாக்கில் அறுத்து மாற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கேஸ் கட்டர் சுற்றி முடித்ததும் கிரேன் பழைய பல்பைத் தரையில் இறக்கியது. மூன்று ஆள் உயரம். தகட்டில் ஒரு நெளிவு இல்லை, கொட்டலசு ஒட்டிய தடம் மட்டும் வரிவரியாக இருந்தது. அதைவிடச் சிறிய, ஒல்லியான மூக்கை அந்த இடத்தில் வைத்து வெல்டிங் செய்தார்கள். முழுசாக இருந்த இரும்பை வெட்டி எறிவது மனசுக்கு வலிக்கிற வேலை.

சர்வதேச கடல்சார் அமைப்பு 2013இலிருந்து புதுக் கப்பல்களுக்கும் 2023இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களுக்கும் ஆற்றல் திறன் விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. விவரம் தெரிந்த உரிமையாளர்கள் இப்போது ஒற்றை வேகத்துக்கு வரைபடம் கேட்பதில்லை. வருடம் முழுக்கக் கப்பல் நிஜமாக ஓடும் வேகங்களையும், பாரம் ஏற்றியும் ஏற்றாமலும் அது நீரில் அமிழும் ஆழங்களையும் பட்டியலிட்டுத் தருகிறார்கள். தொட்டியில் மாதிரி அத்தனைக்கும் ஓடிக் காட்ட வேண்டும்.