பெட்ரோலுக்கு வரி வந்த கதை

2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிற்று. அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, எங்கள் தெருக்கோடியில் வாடகைக் கார் வைத்திருப்பவர் பெட்ரோல் பங்க் ரசீதும் கையுமாக என்னைப் பிடித்துக்கொண்டார். கதை எழுதுகிறவனுக்குச் சகல விஷயமும் தெரிந்திருக்கும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

"நூறு ரூபாய் நோட்டை நீட்டினா ஒரு லிட்டர் முழுசா வரலை, சார். பாதிக்கு மேலே வரியாமே! முதல் முதல்லே இந்த வரியைப் போட்ட மகராசன் யாரு?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். பிறகு பழைய புத்தகங்களைப் புரட்டினேன்.

மகராசன் ஒருவனல்ல, யுத்தம். முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1917-இல் வெள்ளைக்கார சர்க்கார் பெட்ரோலுக்கென்று தனியாக ஒரு வரிச் சட்டம் செய்தது. யுத்தம் முடிந்தது, வரி முடியவில்லை. வந்த விருந்தாளி திண்ணையிலேயே குடித்தனம் வைத்துவிட்ட மாதிரிதான்.

அடுத்து வந்தது சாலைப் பிரச்னை. மோட்டார் பஸ்கள் பெருகின. மாட்டு வண்டிக்காகப் போட்ட சாலைகள் பல்லைக் காட்டின. வழி சொல்வதற்காக 1927-இல் எம். ஆர். ஜயகர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தார்கள். பெட்ரோல் வரியை உயர்த்தி, அந்தப் பணத்தைச் சாலைக்கே செலவிடுங்கள் என்றது கமிட்டி. 1929-இல் காலனுக்கு நான்கு அணாவாக இருந்த வரி ஆறு அணாவாயிற்று. கூடுதலான இரண்டு அணா சாலை நிதிக்குப் போயிற்று. கார்க்காரன் முணுமுணுத்திருப்பான். ஆனாலும் தன் இரண்டணா தன் சக்கரத்துக்கு அடியிலேயே கிடக்கிறது என்ற ஆறுதலாவது அவனுக்கு இருந்தது.

உண்மையான சுவாரஸ்யம் இனிமேல்தான். மாகாணங்களில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த மந்திரிசபைகள் 1937-இல் வந்தன. மந்திரிகளுக்குச் செய்ய ஆசைப்பட்ட காரியங்கள் ஏராளம். கஜானாவில் பணம்தான் இல்லை. 1938-இல் மத்திய மாகாண சர்க்கார், பெட்ரோலைச் சில்லறையில் விற்கும்போது விலையில் நூற்றுக்கு 5 வீதம் வரி என்று சட்டம் போட்டது. டில்லி சர்க்காருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெட்ரோல் மேல் எக்ஸைஸ் தீர்வை விதிப்பது எங்கள் பாத்தியதை. நீ யார் கை வைக்க?" என்பது அதன் கட்சி.

வழக்கு புதிதாக ஏற்பட்டிருந்த பெடரல் கோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட் எடுத்துக்கொண்ட முதல் விவகாரமே அதுதான்! நீதிபதிகள் மூவர்: தலைமை நீதிபதி சர் மாரிஸ் குவையர், சர் ஷா சுலைமான், மூன்றாமவர் யார் என்கிறீர்கள்? பெட்ரோல் வரி யோசனை சொன்ன அதே ஜயகர். கதையில் இப்படி எழுதினால் "செயற்கை" என்று பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார்.

உற்பத்தியின் மீது வரி வேறு, விற்பனையின் மீது வரி வேறு. முன்னது டில்லிக்கு, பின்னது மாகாணத்துக்கு. இதுதான் 1938 டிசம்பரில் கோர்ட் சொன்ன அபிப்பிராயத்தின் சாரம். சட்டப்படி குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் பெட்ரோல் போடுகிறவனுக்கு இருப்பது ஒரு பைதானே? அதில் இரண்டு கைகள் நுழையலாம் என்று அன்றைக்குத் தீர்மானமாகிவிட்டது.

சென்னை மாகாணம் சும்மா இருக்குமா? ராஜாஜி 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்திருந்தார். கள்ளுக்கடை வருமானம் போயிற்று. ஈடு கட்ட வேண்டுமே! 1939-இல் பெட்ரோல் விற்பனை வரிச் சட்டமும், கூடவே பொது விற்பனை வரிச் சட்டமும் வந்தன. குடிகாரன் கொடுத்துக்கொண்டிருந்த பணத்தில் ஒரு பங்கு கார்க்காரன் தலையில் விடிந்தது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சேலத்துப் பெண்கள் எத்தனை பேர் அந்த மதுவிலக்கை வாழ்த்தியிருப்பார்கள்! கள்ளுக்கடைகள் பிற்காலத்தில் வேறு பெயரில் திரும்பி வந்த பிறகும் பெட்ரோல் வரி போகவில்லையே என்பதுதான் என் கேள்வி.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கிப் பிடித்தன. இங்கே பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறிற்று. வாஜ்பாய் மாட்டு வண்டியில் ஏறிப் பார்லிமெண்டுக்குப் போனார். பத்திரிகைகளுக்கு நல்ல படம் கிடைத்தது. பிற்பாடு அவரே பிரதமராக இருந்தபோதும் பெட்ரோலுக்கு வரி இருந்தது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் பெட்ரோலை அதில் சேர்க்காமல் தனியே வைத்தார்கள். இரண்டு கைகளில் எந்தக் கைதான் வெளியே வரச் சம்மதிக்கும்?

இவ்வளவையும் மறுநாள் கார்க்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கோர்ட்டிலே மூணு பேர் உட்கார்ந்து பேசினாங்களே, பெட்ரோல் போடறவன் சார்பா யாராவது பேசினாங்களா சார்?"

மாகாணங்கள் பேசின, டில்லி பேசிற்று என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விட்டார். ஊரடங்கில் சவாரி இல்லாமல் நின்ற மாதங்களின் தவணைப் பாக்கி வேறு அவருக்கு இருந்தது.

ஆகஸ்டில் தமிழக அரசு லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. நவம்பரில் டில்லி 5 ரூபாய் குறைத்தது. இரண்டாவது செய்தி வந்த அன்று, அவரிடம் சொல்லலாம் என்று தெருக்கோடி வரை நடந்தேன். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. தீபாவளிக்கு முன்பே விற்றுவிட்டாராம். இப்போது ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறார். பெட்ரோல் முதலாளி செலவு.